இடத்தை மாடு

மருதமுத்துவின் தலையில் அடிபட்ட கதையைக் மலாக்காவின் காஜா பேராங் தெருவில் யாரும் சிரிக்காமல் தொடங்கியதில்லை. சிரிப்போடு முடித்ததும் இல்லை.

வெள்ளைக்காரன் மலாக்காவை விட்டுப் போய், ஜப்பான்காரன் இன்னும் உள்ளே வராத நாட்கள் அவை. ஊருக்குத் துரையே கிடையாது. ஆற்றோரக் கிட்டங்கிகளின் கதவுகளை ஜனங்கள் கூடிக் கூடி உடைத்துக்கொண்டிருந்தார்கள். மருதமுத்து கொள்ளைக்குப் போகவில்லை. மாட்டுவண்டிக்காரர் அவர். முதல் நாள் பாரம் இறக்கின இடத்தில், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற வாளியை மறந்து வைத்துவிட்டார். அதை எடுக்கப் போனார். மேல்மாடியிலிருந்து எவனோ உருட்டிவிட்ட ரங்கூன் அரிசி மூட்டை தோளில் பட்டுச் சாய்த்ததில், தலையின் வலப்பக்கம் கல்படியில் மோதியது. மூட்டையை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். வாளியையும் யாரோ. மருதமுத்துவை மட்டும் வீட்டாருக்கு என்று விட்டுவைத்தார்கள்.

அவருக்கு வைத்தியம் பார்த்தவர் டிரஸ்ஸர் நல்லையா. பார்த்தார், அவ்வளவுதான், செய்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டி, மருந்து கொடுத்து இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். துரை ஓடினதும் ஆஸ்பத்திரியும் ஓடிவிட்டது. நல்லையா மட்டும் ஒரு தகரப் பெட்டியோடு மலாக்காவுக்கு நடந்து வந்து, மருதமுத்துவின் மாட்டுக் கொட்டகையை ஒட்டின அறையில் குடியேறினார். பெட்டிக்குள் அரைப் புட்டி அயோடின், கத்தரிக்கோல், யாருக்கு வைத்தாலும் தொண்ணூற்றொன்பதே காட்டுகிற வெப்பமானி, அப்புறம் கையில் கட்டிக்கொள்கிற செஞ்சிலுவைப் பட்டை. அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் ஜனங்கள் வழிவிட்டார்கள். மருந்து இல்லாத வைத்தியனுக்கு அதுவே பாதி மருந்து.

பன்னிரண்டாம் நாள் மருதமுத்து கண்ணைத் திறந்தார். இரண்டு மாதத்தில் எழுந்து நடந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்தார். இடது கைக்கு வலு இருந்தது. ஆனாலும் அது சும்மாவே தொங்கியது, எவரோ தோளில் மாட்டிவிட்டுப் போன பை மாதிரி. பேச்சு மட்டும் பழைய பேச்சுத்தான். ஊரே நல்லையாவைக் கைராசிக்காரர் என்றது. நல்லையாவும் வேண்டாம் என்று மறுக்கவில்லை.

சாப்பாட்டில்தான் அதிசயம் நடந்தது. அரிசி கண்ணில் படாத காலம். மரவள்ளிக் கிழங்கை அவித்து, சிவப்புப் பாமாயிலில் கீரையை வதக்கிப் பக்கத்தில் வைப்பாள் அவர் மனைவி பாக்கியலட்சுமி. மருதமுத்து தட்டின் நடுவில் கோடு கிழித்த மாதிரி சரிபாதியைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்.

"இன்னும் இருக்குதே, சாப்புடுங்க."

"தட்டு காலியாயிருச்சி பாக்கியம். இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாத்தான் இருக்கும். என்ன செய்யறது, காலம் அப்படி."

பாக்கியலட்சுமி அடுப்படியில் போய் நின்று அழுவாள். மீதியை மகள்கள் விஜயாவும் ஜெயாவும் ஆளுக்குப் பாதியாகத் தின்பார்கள். "பிள்ளைங்க திங்கணும்னு பொய் சொல்றாரு டிரஸ்ஸரய்யா. கண்ணு முன்னால கிழங்கை வெச்சிக்கிட்டுக் காலின்றாரு."

நல்லையா இந்த விஷயத்தை நாகூர் மீரானின் கடைக்குக் கொண்டுபோனார். மீரான் மளிகைக்காரர். விற்கச் சரக்கு இல்லாததால் கடையைப் பேச்சுக்காக மட்டும் திறந்துவைத்திருந்தார்.

"தலையில அடிபட்டவனுக்குக் கோபம் வரும், சந்தேகம் வரும்னு இங்கிலீஷ்ல படிச்சிருக்கேன் பாய்," என்றார் நல்லையா. "இவருக்குத் தர்மம் வந்திருக்கு. உலகத்துலயே முதல் கேஸ்."

"எங்க வீட்டுலயும் ஒருத்தருக்கு அடிபட்டாத் தேவலை," என்றார் மீரான். "என் மச்சான் என் தட்டையும் சேர்த்துத் திங்கறான்."

அந்தத் தர்மவான் நாளுக்கு நாள் இளைத்தார். கழுத்தெலும்புக் குழியில் சோப்புக் கட்டியை வைக்கலாம் போலிருந்தது. நல்லையாவுக்கு அது உறுத்தியது. அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று சொந்தமாக இருந்தது. தினமும் சாயங்காலம் வண்டியின் பின்பலகையில் மருதமுத்துவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, தன் அரைச் சுருட்டை அவரிடம் நீட்டுவார். மருதமுத்து திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பேசினால் பதில் வரும், ஆனால் எதிரே இருக்கிற தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு. தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணிகூட இப்படி அலட்சியம் செய்ததில்லை. மூன்று வாரம் நல்லையா மனசுக்குள் முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

அதற்குள், ஊருக்குள் வந்துவிட்ட ஜப்பான்காரனின் காவல் சாவடி விவகாரம் வந்தது. பாக்கியலட்சுமிதான் அப்போது வண்டி ஓட்டினாள். முண்டாசு கட்டி, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, விறகுப் பாரம் ஏற்றுவாள். ஒரு நாள் காற்றாட இருக்கட்டுமே என்று புருஷனையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள். பாலத்துக்குப் போகிற வழியில் சாவடி இடப்பக்கம். யாராக இருந்தாலும் இறங்கி, இடுப்பு மடிய வணங்க வேண்டும். பாக்கியலட்சுமி இறங்கி வணங்கினாள். மருதமுத்து வானத்தைப் பார்த்தபடி ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தார். சிப்பாய் இழுத்துப் போட்டு அறைந்தான். திரும்பி வரும்போது சாவடி வலப்பக்கம். மருதமுத்து குதித்து இறங்கி, புது மாப்பிள்ளை மாதிரி மடிந்து வணங்கினார். சிப்பாய்க்குக் கேலி செய்கிறாரோ என்று தோன்றிவிட்டது. இன்னொன்று விழுந்தது.

"போகும்போது அவமரியாதைக்கு அடி, வரும்போது மரியாதைக்கு அடி," என்றார் மீரான். "நியாயமாத்தான் நடக்குது ராஜ்ஜியம்."

அடுத்த நாள் மருதமுத்து கொட்டகையில் நின்று பெருங்குரலில் அழுதார். பாக்கியலட்சுமி ஓடினாள். நல்லையா பல்லில் குச்சியோடு ஓடினார்.

"மயிலையை யாருக்குடி குடுத்தே?" என்றார் மருதமுத்து. "அடிபட்டுக் கெடந்தேன், கேக்க ஆளில்ல, வித்துட்டியா?"

வலத்தை மாடு செவலை. இடத்தை மாடு மயிலை. கன்றாக வாங்கி, கைப்பிள்ளை மாதிரி வளர்த்தது மயிலையைத்தான். அந்த மயிலை செவலைக்கு இடப்பக்கம், கட்டுத்தறியில் நின்று, அசை போட்டபடி தன் எஜமானர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தா நிக்குதே, கண்ணு தெரியலையா?"

"எங்க நிக்குது? செவலை ஒண்டியா நிக்குது. பொய் சொல்லாத பாக்கியம். ஜப்பான்காரன் கொண்டுபோயிட்டான்னா சொல்லிடு. தாங்கிக்குவேன்."

பாக்கியலட்சுமி அவர் தலையைப் பிடித்துத் திருப்பினாள். திரும்பின நேரத்துக்கு மாடு இருந்தது. விட்டதும் மறுபடி போய்விட்டது. அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை.

முடிச்சை அவிழ்த்தது ருக்மணி பீபி. கம்போங் செட்டிக்காரி, தலைமுறைகளாக மலாய் பேசுகிற இந்துச் செட்டி வம்சம். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். கோயில் மணியடித்தால் இந்தத் தெருவுக்கு முன்னால் ஓடுவாள். தமிழில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். அடுப்பு மூட்டாத சேதி கேட்டு, கிழங்கும் அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பாலும் கொண்டுவந்தாள். வழக்கம்போல் மருதமுத்து பாதியைத் தின்றுவிட்டுக் கையை உதறினார். தட்டின் இடது ஓரத்தில் வைத்த சம்பால் வைத்தபடி இருந்தது.

பீபிக்கு முகம் சிவந்துவிட்டது. தர்மம், தியாகம் என்று நல்லையா செய்த பிரசங்கங்கள் ஒன்றும் அவளுக்குப் புரிந்திருக்கவில்லை. அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான்: அவள் சம்பாலை ஒருத்தர் தொடவில்லை.

"சபெலா சாஜா," என்றாள். ஒரு பக்கம் மட்டும்தான் தின்கிறார் என்று அர்த்தம். "என் சம்பாலை வேணாம்ன மனுஷன் இந்தச் சந்துல இதுவரைக்கும் பொறக்கல." மலாயில் சொல்லிக்கொண்டே தட்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, சம்பாலை அவர் வலக்கைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள்.

மருதமுத்து தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடேயப்பா, இவ்வளவு கிழங்கா? யாரு குடுத்தா?" என்று உட்கார்ந்து, சம்பாலைத் தொட்டுத் தொட்டு, கடைசித் துணுக்கு வரை வழித்துத் தின்றார். தின்றுவிட்டு ஏப்பம் விட்டார். நாலு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் ஏப்பம்.

பாக்கியலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"நாலு மாசமா எம்புருசனை அரைப் பட்டினி போட்டிருக்கேன்," என்றாள். "பெருமை வேற பட்டிருக்கேன்."

"நான் ஊர்பூரா பிரசங்கம் பண்ணியிருக்கேன்," என்றார் நல்லையா. "எது பெரிய பாவம்னு எமன்தான் பாக்கணும்."

கத்தரிக்கோலை எடுத்து மருதமுத்துவின் இடப்பக்கம் ஆட்டினார். ஒன்றுமில்லை. மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தார். "கத்தரி," என்றார் மருதமுத்து. பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டை நீட்டினார், இந்தத் தடவை வலப்பக்கம். மருதமுத்து வாங்கி ஆழ இழுத்து, "எத்தனை நாளாச்சி டிரஸ்ஸரய்யா, நீங்க இந்தப் பக்கமே வர்றதில்லையே," என்றார்.

கண் குருடாகவில்லை. இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பாதித் தட்டு, பாதி மாடு, பாதி ஜப்பான். நல்லையா அன்று ராத்திரி தன் முறுக்கையெல்லாம் அவிழ்த்து வைத்துவிட்டு, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மயிலை மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

ஆவணி பிறந்த வாரத்தில் மீரான் மழையில் நனைந்துகொண்டு வந்தார். திடலோரப் பலகையில் ஒட்டின உத்தரவைப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, உக்காந்து கேளு. வண்டி மாடெல்லாம் கணக்கெடுக்கறானுங்க. மூணு வாரத்துல திடலுக்குக் கொண்டுவரணும். ஓட்டிக் காட்டினா நம்பர் போட்ட மரச்சில்லு குடுப்பான். சில்லு இல்லாத மாடு பட்டாளத்துக்கு."

"நான் ஓட்டறேன் பாய்."

"அதுதான் இல்ல. ஒருத்தனே நாலு வண்டியை மாத்தி மாத்தி ஓட்டி, நாலு சில்லு வாங்கிட்டானாம் மூவார்ல. அதனால வண்டி யாரு பேர்ல இருக்கோ அவனே ஓட்டணும். வேற ஆளு கயித்தைத் தொடக்கூடாது."

கூரையில் மழை கொட்டியது. ஜெயா எழுந்து போய் ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்தாள்.

"பட்டாளத்துக்குன்னா?" என்று பாக்கியலட்சுமி கேட்டாள்.

மீரான் தொப்பியைக் கழற்றித் தண்ணீரைப் பிழிந்தார். "இழுக்கற வரைக்கும் இழுக்கவிடுவான். அப்புறம் கறி."

மாடு போனால் விறகுப் பாரம் போகும். பாரம் போனால் இந்த அரைத் தட்டுக் கிழங்கும் போகும். மருதமுத்துதான் பேசினார்.

"ஒத்தை மாட்டை வெச்சிக்கிட்டு எப்படி ரெட்டை மாட்டு வண்டி ஓட்டிக் காட்டறது?" என்று நியாயமாகக் கேட்டார்.

பயிற்சி மறுநாள் சண்டையோடு தொடங்கியது. பாக்கியலட்சுமி தட்டு, செம்பு, பாய், விசிறி எல்லாவற்றையும் அவருக்கு வலப்பக்கமாக மாற்றி வைத்திருந்தாள். நல்லையா ஒவ்வொன்றாக இடப்பக்கம் தூக்கி வைத்தார்.

"என்ன செய்யறீங்க? பாவம், அவரு தேடுவாரு."

"தேடட்டும். தேடினாத்தான் பக்கம் திரும்பும்."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீங்க. தண்ணி தண்ணின்னு அவரு கத்தறப்போ நீங்களா இருக்கீங்க?"

"பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கேன் தங்கச்சி. மயிலை சாணி போட்டாக்கூட எனக்குக் கேக்குது."

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. சாப்பாடு வலப்பக்கம், மற்றதெல்லாம் இடப்பக்கம். தெருவுக்கும் சொல்லியாகிவிட்டது. மருதமுத்துவிடம் பேச வருகிறவர்கள் இடப்பக்கமாக வர வேண்டும், அவர் திரும்பி முகத்தைப் பார்க்கும் வரை வாய் திறக்கக் கூடாது. மீரான் வந்து அரை மணி நேரம் ஊமையாக நின்றார். அவர் வாழ்நாளில் அது ஒரு சாதனை. பீபி மட்டும் இந்தச் சட்டத்துக்கு அடங்கவில்லை. அவர் இடது காதைப் பிடித்துத் திருப்பிவிட்டே பேசினாள். தெருவே மருதமுத்துவுக்கு இடப்பக்கமாகக் குடிபெயர்ந்தது. வலப்பக்கத்தில் கோழிகள் மட்டும் மேய்ந்தன.

ஒரு வாரத்தில் மருதமுத்து கூப்பிட்டால் இடப்பக்கம் திரும்பினார். வண்டி விஷயம் மட்டும் நகரவில்லை. செவலையை மட்டும் கொண்டுவந்து நுகத்தடியில் பூட்டுவார், பூட்டாங்கயிற்றை முடிவார், ஏறி உட்கார்ந்து "த்தா" என்பார். வண்டி அரைவட்டம் அடித்து வேலியில் நிற்கும்.

இவ்வளவுதானே என்று நல்லையா தானே ஒரு நாள் ஓட்டிக் காட்ட ஏறினார். இருபத்திரண்டு வருஷம் தோட்டத்து ஜனங்களுக்கு நாக்கை நீட்டு, மூச்சை இழு என்று அதட்டின குரலில் மாடுகளை அதட்டினார். மாடுகள் அவரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் இறக்கின. பாக்கியலட்சுமி அன்றுதான், அந்த வருஷத்தில் முதல் தடவையாக, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சாக்கடையில் நின்றபடி அதைப் பார்த்த நல்லையாவுக்கு, இன்னொரு தடவை விழலாமா என்றுகூடத் தோன்றியது.

குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார். செஞ்சிலுவைப் பட்டையை எடுத்து முழங்காலில் வைத்துக் கொஞ்ச நேரம் நீவினார். அப்புறம் கத்தரிக்கோலால் சிலுவையை நாலைந்து துண்டாக வெட்டி எடுத்தார். பீபி அந்தச் சிவப்புத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். மயிலையின் கொம்பில் அதைக் கட்டினார்.

"மருதமுத்து, செவப்பு எங்க இருக்குன்னு தேடுங்க. செவப்பு கண்ணுல படாம கயித்தைத் தொடக்கூடாது."

மருதமுத்து தேடினார். கழுத்தை இஞ்ச் இஞ்சாக இடப்பக்கம் நகர்த்தினார். வியர்த்தது. நின்றார். மறுபடி நகர்த்தினார். பாக்கியலட்சுமி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"செவப்பு," என்றார். அப்புறம் மெதுவாக, "அட. மயிலை."

போய் அதன் தாடையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. "இளைச்சிட்டியேடா," என்று சொன்னது யாரைப் பார்த்தாலும் பொருந்துகிற வார்த்தைதான். ஆனால் மாட்டுக்கு மட்டும்தான் சொன்னார்.

அதன்பிறகு தினமும் கருக்கலில், வெயில் ஏறுவதற்கு முன்னால், சந்திலிருந்து கோயில் வரை, கோயிலிலிருந்து சந்து வரை. பாக்கியலட்சுமி சக்கரத்தோடு நடந்தாள். மசகுக்குக் கிரீஸ் கிடையாது. பாமாயிலை அச்சில் விட்டார்கள். மனுஷனுக்கு இல்லாத எண்ணெய் சக்கரத்துக்குப் போகிறதே என்று ஜெயா முணுமுணுத்தாள். ஒரு நாள் நேராகப் போவார், ஒரு நாள் பீபியின் வேலியைப் பிடுங்கிக்கொண்டு போவார். நல்லையா எல்லாரிடமும் சொன்னார்: "செவப்புத்தான் மருந்து. என் சொந்தக் கண்டுபிடிப்பு."

கணக்கெடுப்பு நாள் வெயில் பளிச்சென்று அடித்தது. கடலோரத் திடலில் முப்பது வண்டிக்குக் குறையாமல் வரிசை. ஒரு மரத்தடியில் மேசை போட்டு ஜப்பான் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சில்லுகளைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு மலாய்க் கிராணி. எண்ணெய்ப் பீப்பாய்கள் இரண்டு வரிசை நின்றன. நடுவே நேராகப் போய், கடைசிப் பீப்பாயைச் சுற்றி இடப்பக்கம் திரும்பி, மேசைக்கு எதிரே நிறுத்தி, இறங்கி வணங்க வேண்டும். தள்ளி, கயிற்று வேலிக்குள் ஏழெட்டு மாடுகள் ஏற்கனவே கட்டிக் கிடந்தன. செமாபோக்கிலிருந்து வந்த கிழவர் ஒருவர் வெறும் தார்க்குச்சியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். அவர் மாடுகள் அவரைப் பார்த்துக் கத்தின. அவர் திரும்பவில்லை.

திடல் வாசலில் நின்ற சிப்பாய் மயிலையின் கொம்பைப் பார்த்தான். ஏதோ கத்தினான். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகள் நிறம் சிவப்பு. வாசலில் சிவப்பு ஆகாது. துணியை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தான்.

நல்லையா முன்னால் போய், துணியைக் காட்டி, மருதமுத்துவின் தலையைக் காட்டி, தன் மார்பைத் தொட்டு, கையால் எல்லா மொழியிலும் விளக்கினார். சிப்பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஓர் அறை விட்டான். நல்லையாவின் கண்ணாடி புல்லில் விழுந்தது. அதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் மருதமுத்துவின் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"போயிருச்சி," என்றாள் பாக்கியலட்சுமி. "துணி போயிருச்சி டிரஸ்ஸரய்யா. மயிலையைக் காணோம்னு சொல்லுவாரு."

வேலிக்கு வெளியே நின்றார்கள். மீரானும் பீபியும் பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரும் கத்தக் கூடாது என்று உத்தரவு. வண்டியின் மேல் மருதமுத்து கயிற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லிக்கொடுத்தபடி கழுத்தை நகர்த்தினார். சிவப்பைத் தேடினார். இன்னும் நகர்த்தினார். சிவப்பு இல்லை. மேசையிலிருந்த ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். கிராணி விரலைச் சொடுக்கினான்.

நல்லையா கண்ணை மூடிக்கொண்டார். தன் சொந்தக் கண்டுபிடிப்பு ஒரு மனுஷனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று நினைத்தார். சிவப்பு தெரியாமல் கயிற்றைத் தொடாதே என்று சொன்னதும் அவர்தானே.

"அய்யா, பாருங்க," என்றாள் விஜயா.

மருதமுத்து குனிந்தார். வலக்கையால் தன் இடது காலை, முழங்காலுக்குக் கீழே பிடித்து, ஒரு மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். முன்பலகையிலிருந்து நகர்த்தி, வெறும் பாதத்தை மயிலையின் பின்தொடையில் பதித்தார். மாட்டுக்குத் தோல் சிலிர்த்தது. பாதத்தின் கீழே அது சிலிர்த்ததை அவர் உணர்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இருக்கான்," என்றார். வேலி வரைக்கும் கேட்டது. "மயிலை இருக்கான். த்தா, போலாம்."

கயிற்றை எடுத்தார். வண்டி கிளம்பியது. பீப்பாய்களுக்கு நடுவே நேராகப் போயிற்று, செவலையும் மயிலையும் தலையைச் சேர்த்து ஆட்டிக்கொண்டு. பாதத்தை எடுக்கவில்லை. கடைசிப் பீப்பாய்க்கு வந்ததும் அந்தக் காலால்தான் மயிலையை ஒரு அழுத்து அழுத்தினார். மயிலை நடை குறைக்க, செவலை சுற்றி வர, வண்டி இடப்பக்கம் திரும்பியது. இடது சக்கரம் பீப்பாயை உரசி, அதன் மேல் நீளமாக ஒரு கோடு போட்டது. பீப்பாய் ஆடியது. பாக்கியலட்சுமி பீபியின் கையைப் பிடித்த பிடியில் பீபியின் இரண்டு வளையல் உடைந்தது. பீப்பாய் ஆடி ஆடி நின்றுகொண்டது.

வண்டி மேசைக்கு எதிரே நின்றது. மேசை இடப்பக்கம். மருதமுத்து பழக்கப்படி வலப்பக்கம் இறங்கினார். எதிரே வெறும் கடல். வணங்குவதற்கு ஆளில்லை. ஆபீசர் மேசையில் விரலால் தட்டினார்.

"சுத்தி வாங்க," என்று பாக்கியலட்சுமி தனக்குள் சொன்னாள். "சாமி, சுத்தி வந்துரட்டும்."

மருதமுத்து செவலையின் கொம்பைத் தொட்டார். அங்கிருந்து நெற்றி. நெற்றியிலிருந்து நுகத்தடி. நுகத்தடியைத் தடவிக்கொண்டே மாடுகளுக்கு முன்னால் நடந்தார், இருட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறவர் மாதிரி. நுகத்தடி முடிகிற இடத்தில் மயிலையின் ஈர மூக்கு இருந்தது. அதையும் தடவிவிட்டு நிமிர்ந்தார். நேர் எதிரே ஆபீசர்.

இடுப்பு மடிய வணங்கினார். சாவடியில் கேலி என்று அடி வாங்கின அதே வணக்கம். ஆபீசர் தலையை அசைத்தார். கிராணிக்குச் சைகை காட்டினார்.

கிராணி கூடையிலிருந்து ஒரு சில்லை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி, மருதமுத்துவுக்கு இடப்பக்கமாக வந்து நீட்டினான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, தொங்கிக்கிடந்த கை எழுந்தது. முழங்கை மடங்கிற்று. விரல்கள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் விரிந்தன. மருதமுத்து அந்தக் கையைப் பார்க்கக்கூட இல்லை. கிராணியைப் பார்த்து, இடக்கையை நீட்டினார்.

"என்னாங்க," என்று வேலியிலிருந்து பாக்கியலட்சுமியின் குரல், உத்தரவையெல்லாம் மறந்து, கல்யாணமான நாளிலிருந்து வருகிற அதே அதட்டலோடு பாய்ந்தது. "பெரிய மனுசங்க குடுக்கறாங்க, சோத்துக் கையால வாங்குங்க."

சொன்ன வாய் சொன்னபடி நின்றது. அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது எட்டியது. பீபி அவளைப் பார்த்தாள். விஜயா அவளைப் பார்த்தாள். பாக்கியலட்சுமி முண்டாசை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள்.

"வேணாம்," என்றாள் துணிக்குள்ளிருந்து. "வேணாங்க. அதுலயே வாங்குங்க. அந்தக் கையிலயே வாங்குங்க."

கிராணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. இடக்கையில் வாங்குகிறவனை மலாய்க்காரர் மதிக்கமாட்டார்கள். "குராங் ஆஜார்," என்று முணுமுணுத்தான். மரியாதை தெரியாதவன் என்று அர்த்தம். சில்லைப் பின்னுக்கு இழுத்தான்.

நல்லையா வேலியைத் தாண்டிவிட்டார். எப்படித் தாண்டினார் என்று பின்னால் மீரான் எத்தனை தடவை கேட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. மூக்குக்கண்ணாடியில் கீறல், கன்னத்தில் ஐந்து விரல், கையில் சிலுவையில்லாத வெள்ளைப் பட்டை. ஓடிவந்து கிராணிக்கு முன்னால், ஜப்பான்காரனுக்குக்கூட வணங்காத ஆழத்துக்கு வணங்கினார்.

"மன்னிக்கணும் துவான்," என்றார் மலாயில். "அந்தக் கை எட்டு மாசமா ஊர்ல இல்ல. இன்னைக்குத்தான் வந்திருக்கு. மரியாதையெல்லாம் இனிமேதான் சொல்லிக் குடுக்கணும்."

கிராணி அவரைப் பார்த்தான். நீட்டியபடியே இருந்த கையைப் பார்த்தான். அது இறங்கவில்லை. சில்லை அதில் வைத்தான். விரல்கள் மூடிக்கொண்டன.